இடுப்பில் கை வைத்த எண்ணிக்கை

இடுப்பு எலும்பில் ஆணி அடித்து, அதைத் தினமும் கொஞ்சம் திருகுவதுபோல் வலி. அதோடுதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றாம் வருடக் குளிர்காலம் முழுக்க, அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வுக்கூடத்துக்குப் புறாத் தீவனம் சுமந்தேன். மூட்டை ஐம்பது ராத்தல். பொத்தானைக் கொத்தினால் தீவனம் விழும் கூண்டுகளில் புறாக்களை வைத்து அங்கே சோதனை செய்தார்கள். கூடம் நாலாம் மாடியில். லிஃப்ட் கிடையாது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கீழே தபால் அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று காலியாக இருந்தது. அங்கே மாற, என் மேலதிகாரி பேராசிரியர் பிரெஸ்காட் படிவத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

அந்தக் கூடத்தில், உள்ளே உணர்வதைச் சொல்லும் சில சொற்களுக்குத் தடை. பசி, பயம், ஆசை, வலி. சொன்னால் கரும்பலகையில் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். புறாவுக்குப் பசி என்று சொல்லக் கூடாது. 'இருபத்திரண்டு மணி நேரமாகத் தீவனம் தரப்படவில்லை' என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை அதிகக் கோடு வாங்கியவன் எல்லோருக்கும் காப்பி போட வேண்டும். வந்த நாளிலிருந்து நான்தான் போட்டேன்.

"இடுப்பு வலி சார். ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

"எய்னோ லாட்டி, ஒரு கோடு!" என்று சுண்ணக்கட்டியை எடுத்தாள் அவருடைய ஆராய்ச்சி மாணவி ஆர்டிஸ்.

பிரெஸ்காட் சிரிக்கவில்லை. "மிஸ்டர் லாட்டி, உங்க வலிய நான் பாத்ததில்ல. நீங்க போடுற சத்தம்தான் என் காதுல விழுது. ரெண்டு பேர் சேந்து பாக்க முடியாததை வெச்சு விஞ்ஞானம் பண்ண முடியாது. உள்ள என்ன இருக்குங்கிற கேள்விக்கே அர்த்தம் இல்ல."

"இரும்புச் சுரங்கத்துல பொறந்து வளந்தவன் சார் நான். கூரையத் தாங்குற மரம் முனகுச்சுன்னா பாறைக்குள்ள என்னன்னு யாரும் எட்டிப் பாக்க மாட்டோம். ஓடுவோம். பாத்துட்டு வரேன்னு நின்னவன் இன்னும் அங்கதான் கெடக்கான்."

"ஓடினீங்க பாருங்க, அதான் நடத்தை. அதை எண்ணலாம்."

எண்ணினார்கள். மூன்று நாள், படிக்கட்டுக் கதவின் கண்ணாடி வழியே ஒளிந்து நின்று எண்ணினாள் ஆர்டிஸ். நான்காம் நாள் பிரெஸ்காட் வாசித்தார்: தனியாக ஏறும்போது இடுப்பில் கை வைத்தது மூன்று தடவை. எதிரே ஆள் வரும்போது பதினாலு தடவை.

"அப்படின்னா?"

"ஆள் இருந்தாத்தான் அந்த நடத்தை வருது. யாரோ பாவம் பாக்குறாங்க, ஓய்வு கெடைக்குது. அதுதான் அதை வளக்குது. தபால் அறைக்கு அனுப்பினா இன்னும் வளரும். அனுப்பாம இருந்தா தானா அடங்கும்."

அவர் கணக்கு இதுதான்: புறா பொத்தானைக் கொத்துவது தீவனத்துக்காக. நான் இடுப்பைப் பிடிப்பது பரிதாபத்துக்காக!

"சார், தனியா ஏறும்போது ரெண்டு கையும் மூட்டைல இருக்கும். எதுல இடுப்பப் புடிக்க? எதிர்ல யாராச்சும் வந்தா வழி விடணும்னு மூட்டைய எறக்குவேன். கை காலியாகும். புடிப்பேன். சுரங்கத்துல எங்களுக்குப் பழகுன மரியாதை அது. புறாவுக்குக் கை இருந்திருந்தா இது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

ஆர்டிஸ் தன் தாளைப் பார்த்தாள். "மூட்டை எங்க இருந்துச்சுன்னு நான் குறிக்கலயே, ப்ரொஃபசர்," என்றாள் மெதுவாக.

"அது அவர் தர்ற விளக்கம், ஆர்டிஸ். நம்மகிட்ட இருக்கிறது எண்ணிக்கை." காரணம் என்ற கட்டத்தில் 'மாற்றம் பரிந்துரைக்கப்படவில்லை' என்று எழுதி, மையை ஊதிக் காயவைத்தார். நல்ல கையெழுத்து.

"திரும்ப எண்ணலாமே?" என்று ஆர்டிஸ் கேட்டாள். அவர் கூண்டுப் பக்கம் போய்விட்டார்.

தபால் அறைக்கு வேறு ஆள் வந்தான். நான் மூட்டையைத் தூக்கினேன். அதன்பின் அந்தப் படிக்கட்டில் எவன் வந்தாலும் வழி விடவில்லை. பிரெஸ்காட்டே ஒருமுறை சுவரோடு ஒட்டி நின்றார்.

அவர் எனக்கு ஒரு வரி பாக்கி: 'லாட்டிக்கு இடுப்பு வலிக்கிறது.' இன்றுவரை எழுதித் தரவில்லை.