ஜெபமணி வீட்டு உபவாசக் கூட்டம்

சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் எடுக்கிற ஃபேக்டரிகள் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றில் ஜெபமணி இருபது வருசத்துக்கு மேல் பழம் சீவினாள். சீசன் வந்துவிட்டால் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், பழம் வந்துகொண்டே இருக்கும், சீவுகிற பெண்கள் நகரக் கூடாது. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் ஆம்பளை சூப்பர்வைசரைப் பார்த்துக் கை தூக்க வேண்டும். போனால் என்ன இருக்கிறது? காம்பவுண்டுச் சுவருக்கு அந்தாண்டை முள்ளுச் செடிதான். ஒரு நாள் ஜெபமணி பெல்ட் சுவிட்சை அமுக்கி நிறுத்திவிட்டு நேராக முதலாளி ரூமுக்குப் போய் நின்றாள்.

“எங்களுக்கும் வயிறு இருக்குது சார். கக்கூஸ் கட்டுங்க, அப்புறமா பெல்ட்டை ஓட்டுங்க” என்றாள்.

அடுத்த சீசனுக்குள் கட்டிவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட ஜெபமணிதான், கண்ணுங்களா, அறுபத்தோரு வயசில் ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் ரெண்டு மாசம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். என்ன வார்த்தை தெரியுமா? ரத்தம். வெளிக்குப் போகும்போது ரத்தம்.

முதலில் மூலம் என்று தானே அதற்குப் பேர் வைத்துக்கொண்டாள். கருணைக்கிழங்கு தின்று பார்த்தாள், காரத்தை விட்டாள். ரத்தம் அவளை விடவில்லை. உள்ளுக்குள் கிடந்த பயம் வேறு. அவளுடைய அக்கா கிருபாவதி சில வருசத்துக்கு முன்னால் செத்துப்போனாள். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்பு வாசிப்பார்கள் அல்லவா, அதில் வாராவாரம் “சகோதரி கிருபாவதி, வயிற்று நோவு” என்று வாசித்தார்கள். சபை முழுக்கக் கண்ணை மூடி வயிற்று நோவுக்காக ஜெபித்தது. கடைசியில் வேலூருக்குக் கொண்டுபோனபோது பெருங்குடலில் கட்டி முற்றிப்போயிருந்தது. ரொம்ப நாளாக ரத்தம் போய்க்கொண்டிருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது என்று அக்கா சொன்னது அப்புறம்தான்.

ஜெபமணி புருஷன் ஆசிரிடம் மட்டும் சொன்னாள். ஆசிர் அரசாங்க ஆர்டிசி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அன்றைக்கே அவளை டாக்டரிடம் இழுத்துப்போனார். டாக்டர் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். கொலனோஸ்கோபி. கேமரா வைத்த குழாயைப் பின்பக்கமாக விட்டுக் குடலைப் பார்ப்பார்கள். முந்தின நாள் வெறும் இளநீர், பால் விடாத டீ, வடிகட்டின எலுமிச்சை ஜூஸ். சாயங்காலம் அஞ்சு மணியிலிருந்து ஒரு மருந்துப் பொடியைத் தண்ணீரில் கரைத்து கிளாஸ் கிளாஸாகக் குடிக்க வேண்டும். மறுநாள் விடியற்காலை மறுபடியும். வெளியே போவது தெளிந்த தண்ணீர் மாதிரி ஆகும் வரைக்கும் குடல் கழுவப்பட வேண்டும்.

“குழாயைக் கூட தாங்கிக்குவேன். மயக்க ஊசி போட்டுடுவாங்களாம். அந்த மருந்துதான் எனக்கு பயமா இருக்குது” என்றாள் ஜெபமணி.

“குடிக்கிறதுக்கு இன்னா பயம்?”

“குடிக்கிறதுக்கு இல்ல. நம்ம கக்கூஸ் கதவு எங்க இருக்குது? ஹாலைப் பார்த்துத்தானே இருக்குது. மருந்து குடிக்கிற அன்னிக்குத்தான் நம்ம வீட்டுக் கூட்டம்.”

பெண்கள் சங்கத்தின் ஜெபக்கூட்டம் வியாழக்கிழமைதோறும் வீடு வீடாகச் சுற்றி வரும். இந்த வியாழன் ஜெபமணி வீட்டு முறை. முறையை மாற்ற வேண்டுமென்றால் செக்ரட்டரி ஸ்வர்ணலதாவுக்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அது ஜெபக் குறிப்பில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை மைக்கில் வரும்.

“மைக்ல என் குடலா? வேணவே வேணாம். மூணு மணிக்குக் கூட்டம், நாலரைக்கு முடிஞ்சிடும். அஞ்சுக்கு நான் மருந்து குடிச்சிக்கிறேன்” என்று கணக்குப் போட்டாள்.

“என் சர்வீஸ்ல ஒரு பஸ்ஸும் டைமுக்குப் போனதில்ல. உங்க கூட்டமா போவப்போவுது?” என்றார் ஆசிர்.

வியாழக்கிழமை வந்தது. வெறும் வயிற்றோடு ஜெபமணி மசால்வடை சுட்டாள், கேசரி கிண்டினாள். வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் ஒரு வாய் இளநீர் குடித்துக்கொண்டாள். மூணு மணிக்கு ஹால் நிறைந்தது. பாட்டு முடிந்தது, வசனம் முடிந்தது, தட்டு வந்தது. எல்லாம் அவள் கணக்குப்படிதான் போனது. ஸ்வர்ணலதா ஒரு தட்டை அவள் பக்கம் நீட்டுகிற வரைக்கும்.

“நீயும் துன்னுக்கா. காலைலேருந்து நின்னுகினே இருந்திருப்ப.”

“எனக்கு வேணாம் லதா.”

“ஏன், உடம்பு சரியில்லியா?”

உடம்பு என்ற வார்த்தை வந்ததும் ஜெபமணிக்குப் பக்கென்றது. “இல்ல இல்ல. இன்னிக்கு நான் உபவாசம்” என்றாள்.

ஹாலில் வடை மெல்லுகிற சத்தம் நின்றுபோனது.

“ஜெபமணியா உபவாசம்?” என்றாள் மூத்தவளான சுலோச்சனா. “லெந்து உபவாச நாள்லயே ரெண்டு தரம் சோறு வாங்கித் துன்றவளாச்சே.”

பாஸ்டரம்மா சின்ன வயசுப் பெண், கல்யாணமாகி வந்து ஒரு வருசம்தான். அவள் எழுந்து வந்து ஜெபமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மனசுல என்ன பாரம்க்கா? சொல்ல முடிஞ்சா சொல்லுங்க.”

“ஒண்ணுமில்லம்மா. பொதுவா.”

பொதுவாக யாரும் உபவாசம் இருக்க மாட்டார்கள் என்பது அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி பாரத்தோடு உபவாசம் உட்கார்ந்தால் அவளைத் தனியே விட்டுப் போகக் கூடாது. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் கூடவே உட்கார்ந்து, கஞ்சி காய்ச்சி, சேர்ந்துதான் முடிக்க வேண்டும்.

“அப்ப நாமளும் உக்காருவோம்” என்றாள் பாஸ்டரம்மா.

“நாம வடை துன்னுட்டோமே?” என்று ஒருத்தி கேட்டாள்.

“துன்னது துன்னதுதான். இதுக்கு மேல துன்னாதீங்க” என்று ஸ்வர்ணலதா தீர்ப்புச் சொல்லிவிட்டு, கையில் மிச்சமிருந்த வடையை வாயில் போட்டுக்கொண்டு பாயை விரித்தாள்.

சொன்ன பொய்யே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டது பாருங்கள். ஜெபமணி கஞ்சி வைக்கிற சாக்கில் சமையல்கட்டுக்குள் போனாள். ஆசிர் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எவர்சில்வர் ஜக்கில் மருந்து, மேலே ஒரு தட்டு மூடியிருந்தது.

“அஞ்சாயிடுச்சு” என்றார் மெதுவாக.

“அவங்க எழுந்திரிக்க மாட்டாங்க. விளக்கு வைக்கிற வரைக்கும் உக்காரப் போறாங்க.”

ஆசிர் அவள் முகத்தைப் பார்த்தார். முந்தானையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிக்கொண்டிருந்தாள். “முடியலேன்னா உடு ஜெபா. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன். அடுத்த மாசம் பார்த்துக்கலாம்.”

அடுத்த மாசம். அந்த வார்த்தை அவளுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? மருந்து வேண்டாம், குழாய் வேண்டாம், கஞ்சியைக் குடித்துவிட்டு எல்லோரையும் சிரித்துக்கொண்டே அனுப்பிவிடலாம். “பண்ணுங்க” என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அந்த நேரத்தில் ஹாலிலிருந்து ஸ்வர்ணலதாவின் ஜெபம் கேட்டது. அவளுக்கு நல்ல கணீர்க் குரல். “கர்த்தாவே, எங்கள் சகோதரியின் பேர் சொல்ல முடியாத இந்தப் பாரத்தை...”

ஜெபமணி திறந்த வாயை மூடினாள். கிருபா அக்காவுக்கும் இதே குரல்தான் வாராவாரம் வாசித்தது.

“அதுக்குப் பேரு இருக்குது” என்றாள். ஆசிரிடம் சொன்னாளா, தனக்குத்தானே சொன்னாளா தெரியவில்லை. ஜக்கைத் தூக்கினாள். கிளாஸை எடுத்தாள். நேராக ஹாலுக்குள் போய் நடுப்பாயில் உட்கார்ந்தாள்.

ஜெபம் நின்றது. எல்லோரும் பார்க்க ஒரு கிளாஸ் ஊற்றி மடக்கு மடக்கென்று குடித்தாள். உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸில் சோப்பைக் கரைத்த மாதிரி இருந்தது. முகத்தைச் சுளிக்காமல் குடித்தாள்.

“உபவாசம்னு பொய் சொன்னேன். இது குடல் கழுவுற மருந்து. எனக்கு ரெண்டு மாசமா வெளிக்குப் போறப்ப ரத்தம் போவுது. நாளைக்குத் திருப்பதில பின்பக்கமா குழாய் உட்டுப் பார்க்கப் போறாங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல எனக்கு வயித்தால போவும். கக்கூஸ் இந்தோ இருக்குது, உங்க எல்லாருக்கும் கேக்கும். போறவங்க போலாம், நான் ஒண்ணும் நெனைச்சிக்க மாட்டேன்.”

யாரும் எழுந்து போகவில்லை. ஸ்வர்ணலதா ஜெபக் குறிப்பு நோட்டை எடுத்தாள். “அக்கா, குறிப்புல நான் வயிற்று நோவுன்னே எழுதிக்கிறேன். அது போதும்.”

“எழுதாத. எங்க அக்காவுக்கு அதைத்தானே எழுதின? ஒரு வருசம் ஜெபம் பண்ணோம் லதா, தப்பு விலாசத்துக்கு. என்னுதுல ரத்தம்னு எழுது. பெருங்குடல்னு எழுது. மைக்ல படி. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்.”

ஸ்வர்ணலதா தலையைக் குனிந்துகொண்டாள். பாஸ்டரம்மாதான் கண்ணை மூடினாள். “கர்த்தாவே, எங்க ஜெபமணி அக்காவுடைய... பெருங்குடலை...” என்று ஆரம்பித்து, தடுக்கி, மறுபடியும் “பெருங்குடலை” என்று சத்தமாகவே சொன்னாள். அதற்குமேல் அவளுக்கு ஜெபம் வழுக்கிக்கொண்டு வந்தது.

ஆமென் வருவதற்குள் மருந்து வந்துவிட்டது. வயிறு உறுமியது. ஜெபமணி எழுந்து ஓடினாள். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. சுலோச்சனா எப்போது எழுந்து போனாளோ.

“சுலோச்சனாக்கா, வெளிய வாங்க.”

“இரும்மா, இப்பத்தான வந்தேன்.”

ஜெபமணி ஃபேக்டரியில் பேசின குரலை எடுத்தாள். “பெல்ட் நிக்கக் கூடாதுக்கா. வெளிய வாங்க.”

சுலோச்சனா புடவையைப் பிடித்துக்கொண்டு வெளியே வர, ஜெபமணி உள்ளே பாய்ந்தாள். சத்தம் கேட்டது. கேட்காமல் எப்படி இருக்கும்? ஹாலில் எல்லோரும் சுவரையும் பாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஸ்வர்ணலதா கஞ்சிராவைக் கையில் எடுத்தாள். அவள் ஒரு பாட்டைத் தூக்கலாக ஆரம்பிக்க, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் ராத்திரியில் கூட அந்தச் சங்கம் அப்படிப் பாடினதில்லை. ஜெபமணி வெளியே வந்தால் பாட்டு இறங்கும், ஸ்வர்ணலதா அடுத்த கிளாஸை ஊற்றி நீட்டுவாள். ஜெபமணி உள்ளே போனால் பாட்டு ஏறும்.

பக்கத்து வீட்டு வரலட்சுமி சுவருக்கு மேல் தலையை நீட்டி, “இன்னாண்ணா, ஏம் பண்டக?” என்று தன் தெலுங்கில் என்ன பண்டிகை என்று விசாரித்தாள்.

“குடல் கழுவுற பண்டகம்மா” என்றார் ஆசிர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விளக்கு வைத்த பிறகு அவர்கள் கஞ்சியைக் குடித்தார்கள். ஜெபமணி தன் கடைசிக் கிளாஸைக் குடித்தாள். அப்புறம்தான் கலைந்து போனார்கள்.

மறுநாள் விடியற்காலை மிச்ச மருந்தையும் குடித்து, வயிறு அடங்கின பிறகு வாடகைக் கார் ஓட்டுகிற சிட்டிபாபுவின் காரில் திருப்பதிக்குக் கிளம்பினார்கள். ஆசிர் முன் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு, வழியில் பாகாலாவில் எந்த பெட்ரோல் பங்க்கில் கக்கூஸ் சுத்தம், எதில் பூட்டி வைத்திருப்பான் என்று சிட்டிபாபுவுக்குப் பாடம் நடத்தினார். சந்திரகிரியில் ஒரே ஒரு தடவை நிறுத்த வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பின்பக்கம் திறந்த கவுனைக் கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தவள் பின்பக்கத்தைக் கையால் இழுத்து மூடிப் பிடித்துக்கொண்டாள்.

“பயமா இருக்கா அம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“இருக்குது சார். இருக்கட்டும். நீங்க பாருங்க.”

ஊசி ஏறியது. கண் விழித்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது. இதற்கா ரெண்டு மாசம் செத்துச் செத்துப் பிழைத்தோம் என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. உள்ளே கடலைப் பருப்பு அளவுக்கு மேல் ஒரு சதை வளர்ந்திருந்தது, அதிலிருந்துதான் ரத்தம், அங்கேயே எடுத்துவிட்டோம், பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார் டாக்டர். என்ன வரும் என்று அவர் சொல்லவில்லை. விட்டு வைக்காமல் வந்தீர்களே, அதுதான் நல்லது என்று மட்டும் சொன்னார்.

“வரட்டும் சார். பேரு தெரிஞ்சா அதோட சண்டை போடலாம்” என்றாள் ஜெபமணி.

கேன்டீனில் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தபோது போன் அடித்தது. ஸ்வர்ணலதா.

“அக்கா, எப்படி இருந்துச்சு? ரொம்ப நோவுமா?” கணீர்க் குரல் காற்றுப் போன மாதிரி வந்தது.

“நோவே இல்ல. தூங்கிட்டேன். ஏன் கிசுகிசுன்னு பேசற?”

“அவரு பக்கத்துல இருக்காரு. ஒண்ணுமில்லக்கா. சும்மா கேட்டேன். எனக்கும் கொஞ்ச நாளா...” அதோடு நிறுத்திவிட்டாள்.

ஜெபமணி இட்லியைத் தட்டில் வைத்தாள். “லதா, போனை எடுத்துக்கினு மாடிக்குப் போ.”

படியேறுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. காற்றுச் சத்தம் வந்தது.

“இப்ப சொல்லு.”

“அக்கா, எனக்கும்...”

“கேக்கல. சத்தமா சொல்லு.”

ஸ்வர்ணலதா சொன்னாள். எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளுக்கும் கேட்டிருக்கும்.