மாவு போன வழி

போன மாதம் வளப்பூர் மலையில் கலைச்செல்வியின் பண்ணைக்கு வந்து கன்றைத் தொட்டுப் பார்த்து, பலாச்சுளை தின்றுவிட்டுப் போன பள்ளிப் பிள்ளைகளில் நாலைந்து பேருக்கு வயிற்றுப்போக்கு. ஒரு சின்னப் பெண்ணுக்குக் குளுக்கோஸ் ஏற்றும்படி ஆயிற்று. கழிந்துகொண்டிருந்த கன்றின் சாணியில் ஒட்டுண்ணி இருந்திருக்கிறது என்று கால்நடை மருத்துவர் சொன்னதிலிருந்து கலைச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை.

"சோப்புப் போட்டுத்தான எல்லாரும் கை கழுவுனாங்க. அப்புறம் எப்படி வாய்க்குப் போச்சு?" என்று கணவன் அண்ணாமலையைக் குடைந்தாள்.

"வர்ற வழியில என்னத்தையாவது தின்னுருக்கும். நீ வேற."

அதை நம்பிவிட்டால் நிம்மதிதான். அவளுக்கு நம்ப முடியவில்லை.

இன்று அதே பள்ளியின் இன்னொரு வகுப்பு. "மறுபடி அப்படி ஆச்சுன்னா இனி யாரையும் கூட்டிட்டு வர முடியாதுங்க" என்று வேனைவிட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டார் ஆசிரியை கோகிலவாணி.

நோய்க்கன்றை ஒதுக்கிக் கட்டி, கொட்டகையைக் கழுவியாயிற்று. கலைச்செல்வி அதோடு விடுகிறவளா? ஆடுகளின் முதுகிலும் ஈரத்தரையிலும் அரிசி மாவைத் தூவி வைத்தாள். அழுக்கு போகிற வழியில் மாவும் போகுமல்லவா? கோழிகளுக்குத்தான் கொண்டாட்டம்.

பிள்ளைகள் முழங்கை வரை மாவோடு வெளியே வந்தார்கள். கொட்டகை வாசல் குழாயில் ஒவ்வொரு கையாகக் கழுவவைத்து, புரட்டிப் பார்த்தே அனுப்பினாள். பிறகு வழக்கம்போலச் சொன்னாள்.

"தானியம் அடிக்கிற களம் சாமி. கால்ல இருக்கறதக் கழட்டி வெச்சிட்டு ஏறுங்க கண்ணு."

களத்தில் பலாச்சுளைத் தட்டு காத்திருந்தது. முதலில் நீண்ட சின்ன விரல்களின் நுனியில் வெள்ளை.

"இரு கண்ணு!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போதுதானே கழுவிய கை? சுற்றிப் பார்த்தாள். எல்லாக் கைகளிலும் மாவு. களத்தோரம் ஷூக்கள் வரிசையாகக் கிடந்தன. லேஸ் எல்லாம் மாவு.

மலையில் செருப்பைக் கழற்றக் கை எதற்கு? காலை உதறினால் போதும். டவுன் பிள்ளைகளுக்கு முடிச்சை அவிழ்க்கவேண்டியிருக்கிறது. கழுவிய கையை மறுபடி சாணியில் வைக்கச் சொன்னது, கண்ணு சாமி என்று கொஞ்சிய இவள் வாய்தான்.

தட்டை மூடிவிட்டு ஆசிரியையிடம் போனாள். "போன தடவ பிள்ளைங்களுக்கு முடியாமப் போனது எங்களாலதாங்க. கை கழுவுனதுக்கப்புறம் ஷூவக் கழட்டச் சொன்னது நாந்தான்."

கோகிலவாணி தன் விரல்களைப் பார்த்தார். அவற்றிலும் மாவு. குட்டிப் பிள்ளைகளுக்கு லேஸ் அவிழ்த்துவிட்டவர் அவர்தான். அண்ணாமலை அதற்குள் ஓஸ் குழாயைக் களத்துக்கே இழுத்து வந்திருந்தான்.

"அந்தச் சோப்ப இப்படிக் குடுங்க" என்று பிள்ளைகளின் வரிசையில் கடைசியாகப் போய் நின்றார் ஆசிரியை. "அடுத்த வகுப்பு வர்றதுக்குள்ள குழாயக் களத்துப் பக்கம் மாத்திருங்க."