வேலையை விடாத குரல்

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வானதி பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அவளுடைய குரல் வரவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் அப்போது குறுவை அறுப்பு தொடங்கியிருந்தது. ஆற்றில் தண்ணீர் நேரத்துக்கு வந்ததால் விளைச்சல் பரவாயில்லை என்று பேசிக்கொண்டார்கள். அவளுடைய கணவன் பரணிதரன் களத்திலிருந்து உமி ஒட்டிய சட்டையோடு வந்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று கேட்டான். வானதி வாயைத் திறந்தாள். வெறும் மூச்சுக்காற்று வந்தது. அன்று மதியம் பிரிவு உபசாரக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசியவள்தான். துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து அவன் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தான். மறுநாள் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டையில ஒரு குறையும் இல்லைங்களே" என்றார்.

திங்கட்கிழமை காலையில் புவியியல் துறையிலிருந்து ஃபோன் வந்தது. துறைத்தலைவர் கண்ணுசாமி பேசினார். வானதி கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். மாடியில் கிழக்குப் பார்த்த வகுப்பறையில் முதல் மணி அடித்ததும் அவளுடைய குரல் பாடத்தைத் தொடங்கிவிட்டது என்று அவர் சொன்னார். விட்ட இடத்திலிருந்து, வங்கக்கடலில் காற்றழுத்தம் குறைவதைப் பற்றி. மேடையில் ஆள் இல்லை. குரல் மட்டும் நாற்காலிக்கும் கரும்பலகைக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறது. தாமதமாக வந்தவனைக் கண்டித்தது, சந்தேகம் கேட்டவளுக்குப் பதில் சொன்னது. சாக்பீஸை மட்டும் எடுக்க முடியாததால் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து படம் போட்டாள். பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி இரண்டு கூட்டம் நடந்தது. வேலையை விட்டவரின் குரலை வெளியேற்ற விதி எதுவும் இல்லையென்று தெரிந்ததும், கால அட்டவணையில் அந்த மணிநேரங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

அந்த வகுப்பறையைப் போல வானதி வேறு எதையும் நேசித்ததில்லை. பரணிதரனுக்கே அது தெரியும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் அடித்த புயலின்போது, காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று அவள் வகுப்பில் சொன்னது அத்தனை மாணவர்களுக்கும் புரிந்தது. வேதாரண்யத்துக்குத் தெற்கே ஆலங்குத்தகை என்ற உப்பளக் குப்பத்தில் ஒருவருக்கும் அது போய்ச்சேரவில்லை. அங்கே செத்துப்போனவர்களின் படங்களைச் செய்தித்தாளில் பார்த்த பிறகு அவளால் சாதாரணமாகப் பாடம் நடத்த முடியவில்லை. கடலோர ஊர்களுக்கு வானிலை சொல்ல ஓர் அறக்கட்டளை அந்தக் குப்பத்துக்குப் பக்கத்தில் சின்னதாக வானொலி நிலையம் தொடங்கி, அதை நடத்த ஆள் தேடியது. வானதி எழுதிப் போட்டாள். பல்கலைக்கழகத்தை விடும் முன் நடந்த நேர்காணலில் அவள் பேசியதைக் கேட்டு, "இந்தக் குரல் போதும் மேடம், வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சொன்னவர் நிலையத்தின் பொறியாளர் ஜெக்கரியா. கூத்தாநல்லூர்க்காரர், வளைகுடாவில் பல வருஷம் ஒலிப்பதிவு வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்.

வேலையில் சேர்வதற்கு முன் வானதி தன் குரலைக் கூட்டிவரப் போனாள். புரட்டாசி தொடங்கியிருந்தது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் நுழைந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தன் பாடத்தை அவள் கேட்டதே இல்லை. கடினமான இடம் வருவதற்கு முன்னால் குரல் லேசாகச் சிரித்துக்கொள்கிறது என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அது சந்தோஷமாக இருந்தது. திடீரென்று பாடத்தை நிறுத்திவிட்டு, "கடைசி பெஞ்சுல யாரு, புதுசா? முன்னாடி வாங்க, அங்க ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்காது" என்றது. மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளை அடையாளம் கண்டு சிலர் எழுந்து நின்றார்கள். குரலுக்கு மட்டும் அடையாளம் தெரியவில்லை. வானதி தலையை அசைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் கண்ணுசாமி நின்றிருந்தார். "கூட்டிட்டுப் போகலியாம்மா?" என்று கேட்டார். அறிவிப்புப் பலகையின் கண்ணாடியில் படிந்திருந்த தூசியில் அவள் விரலால் எழுதினாள்: இருக்கட்டும்.

குரல் இல்லாமல் வந்து நின்றவளைப் பார்த்து ஜெக்கரியா சங்கடப்பட்டார். ஆனாலும் திருப்பி அனுப்பவில்லை. அவள் எழுதிக் கொடுப்பாள், அவர் வாசிப்பார். நல்ல உச்சரிப்புதான். ஆனால் அவர் வானிலை வாசிக்கும்போது ஆலங்குத்தகையில் வானொலியை அணைத்துவிட்டு, பாட்டு தொடங்கும் நேரத்துக்குத் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். ஐப்பசியில் ஒரு காலை அவருக்குக் காய்ச்சல். அறிவிப்பு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் பாடம் நடத்திய பழக்கதோஷத்தில் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து தாளைப் பார்த்து வாயசைத்தாள். சத்தம் வந்தது. கனத்த, வெற்றிலை போட்டுப் போட்டுக் கரகரத்த, வயதில் மூத்த ஒரு பெண்ணின் குரல். வடகிழக்குக் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் ஒரு பிசகில்லாமல் வாசித்தது. பேசப் பேச நாக்கில் கடல்நீர் கரித்தது. முடித்தபோது பற்களுக்கிடையில் மணல் நெறுநெறுத்தது. வானதி வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். கழுவுதொட்டியில் ஒரு சிட்டிகை கருமணல் கிடந்தது.

சற்று நேரத்தில் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். முழங்கால் வரை உப்புச்சேறு. உப்பு வாரும் பலகையைக் கீழே போட மறந்து கையோடு கொண்டுவந்திருந்தான். மருதையன் என்று பேர் சொன்னான். அவன் மனைவி அகிலாண்டத்தை அந்தப் புயலில் கடல் கொண்டுபோனது. உடம்பு கிடைக்கவில்லை.

"இப்ப ரேடியோவுல பேசினது யாருங்க?"

"நான்தாங்க" என்றாள் வானதி, அந்தக் குரலில்.

மருதையன் ஓரடி கிட்டே வந்தான். "என் பேரைச் சொல்லுங்க" என்றான். அவள் சொன்னாள். அவன் முகம் வாடியது. "அவ என் பேரைச் சொன்னதே கிடையாது. 'இந்தாங்க'ன்னுதான் கூப்பிடுவா."

வானதி தயங்கினாள். அது தனக்குச் சொந்தமில்லாத சொல் என்று பட்டது. ஆனால் தொண்டை அவளைக் கேட்கவில்லை. "இந்தாங்க" என்றது. மருதையன் அங்கேயே தரையில் உட்கார்ந்து, பலகையை மடியில் போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இருந்தான். போகும்போது, "நாளைக்கும் பேசுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டான்.

கார்த்திகை பிறந்ததும் கடலில் புயல் உருவானது. அது வடக்கே கரையேறிவிடும் என்று எங்கும் பேச்சு. வானதியின் கணக்கில் அது கடைசி நேரத்தில் தெற்கே திரும்பியது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், ஆலங்குத்தகையில்தான் வந்து நின்றது. ஜெக்கரியா நேரில் போய்ச் சொன்னார். அந்தப் புயலுக்குப் பிறகு, போன வருஷம் இரண்டு முறை மூட்டை கட்டிக்கொண்டு ஓடி, தூறல்கூட இல்லாமல் திரும்பி வந்தவர்கள் அவர்கள். சிரித்து அனுப்பிவிட்டார்கள். "இப்ப வர்ற குரல்ல நீங்க சொன்னா போவாங்க மேடம்" என்றார் திரும்பி வந்து. செத்தவள் குரலை வைத்து உயிரோடு இருப்பவர்களைப் பயமுறுத்துவதா என்று வானதிக்கு மனசு ஒப்பவில்லை. மருதையனைத் தேடி உப்பளத்துக்கு நடந்தாள். வானம் தாமிர நிறத்தில் இருந்தது. பாத்திகளில் ஓர் அலைகூட இல்லை.

"சொல்லலாமாங்க? கணக்கு தப்பாப் போனா உங்க வீட்டம்மா பேருதான் கெடும்."

"என்னைக் கேக்குறீங்களே" என்றான் மருதையன். "அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கா. சொல்லத்தானே வந்திருப்பா?"

நடுப்பகலில் ஒலிவாங்கியைத் திறந்தார்கள். வானதி எழுதி வைத்திருந்தது நாலே வரி. குரல் அதை வாசித்துவிட்டு நிற்கவில்லை. அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டபோதும் பேசிக்கொண்டே போனது. கிழக்கு வீட்டு வளவனைக் கூப்பிட்டு, படகை விட்டுத் தொலை, அம்மாவைத் தூக்கு என்றது. கர்ப்பிணியாக இருந்த ஒருத்தியை முதல் வண்டியில் ஏற்றச் சொன்னது. அவள் கர்ப்பமென்று அவள் புருஷனுக்கே அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு வீடாக, ஒருவரையும் விடாமல், பேர் சொல்லித் திட்டிக் கெஞ்சிக் கிளப்பியது. கடைசியில், "தண்ணிக்குள்ள ரொம்பக் குளிருது, வந்துடாதீங்க" என்றது. குப்பத்தில் அதற்குப் பிறகு ஒருவரும் வாதம் பண்ணவில்லை. டிராக்டரிலும் சரக்கு வண்டியிலும் ஏறி, மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மருதையன் கடைசி வண்டியில் போனான். பொழுது சாய்வதற்குள் புயல் தெற்கே திரும்பியது. ஆலங்குத்தகையில் கூரைகளும் படகுகளும் மிஞ்சவில்லை. ஆட்களில் ஒருவரும் குறையவில்லை.

காரியம் முடிந்ததும் அந்தக் குரல் போய்விடும் என்று வானதி எதிர்பார்த்தாள். போகவில்லை. தை மாதம் சம்பா அறுப்புக்கு வீட்டுக்குப் போனபோது, அவள் பேசியதைப் பரணிதரன் முதன்முதலாகக் கேட்டான். ஃபோனில் அதுவரை எழுதித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சோற்றிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். "பெரியவங்க ஒருத்தர் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றான் மெதுவாக. பிறகு அவன் புதன்கிழமைகளில் வயல்வேலையைக் காலையிலேயே முடித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கினான். காற்றைப் பற்றி அவனுக்கு இப்போது நிறையத் தெரியும். கண்ணுசாமி அந்த மாடி வகுப்பறையில் அவனுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்.

ஆலங்குத்தகையில் புது வீடுகள் வந்துவிட்டன. விடியற்காலையில் வானிலை சொல்லும்போது உப்பளத்தில் எல்லா வானொலியும் பேசுகிறது, ஒருவரும் அணைப்பதில்லை. அறிவிப்பு முடிந்த பிறகு குரல் தாளில் இல்லாத ஒன்றைச் சொல்கிறது. ஒருநாள் காலில் பித்தவெடிப்புக்கு எண்ணெய் போடச் சொல்லும். ஒருநாள் கொடியில் கிடக்கும் வேட்டியை எடுத்து உள்ளே போடச் சொல்லும். என்ன வரப்போகிறது என்று வானதிக்கும் முன்கூட்டித் தெரியாது. பாத்தி ஓரத்தில் நின்று கேட்டுவிட்டு, "சரி சரி" என்று முணுமுணுத்துக்கொண்டு மருதையன் பலகையை எடுக்கிறான். நிகழ்ச்சி நிரலில் ஜெக்கரியா அதற்கென்று அரை நிமிடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். அதன் பிறகுதான் பாட்டு.