பால்கனிக்குக் கையசைப்பு

மேலே போவதற்கு மனிதகுலம் கண்டுபிடித்த ஒரே கண்ணியமான வழி லிஃப்ட்தான். மற்றதெல்லாம் காட்டுமிராண்டித்தனம். படிக்கட்டை வேண்டுமானால் மன்னித்துவிடலாம், தீப்பிடித்தால் இறங்கி ஓட உதவும். மலையேறுகிறவர்களுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது.

இது லிஃப்ட் மெக்கானிக்கின் அசைக்க முடியாத கருத்து. மொட்டைமாடி மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு நிற்கும்போதும் சொல்வார், வீட்டில் மனைவியிடம் கூடுதலாகவே சொல்வார். காரணம், ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் பின்னாலிருக்கும் மலையுச்சிக்குத் தனியாகப் போய்வருவாள். இலை கொட்டினால்தான் அங்கிருந்து அவர்கள் குடியிருப்பு தெரியுமாம். மற்ற மாதங்களில் மரங்கள் மறைத்துவிடுமாம். அங்கே நின்று தங்கள் பால்கனியைப் பார்த்துக் கையசைப்பாள். வீடு திரும்பியதும் ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்பாள்.

“கையசைச்சேனே, பார்த்தீங்களா?”

“பார்த்தேன், பார்த்தேன். ரெண்டாவது தடவை கொஞ்சம் சோம்பலா அசைச்ச.”

அந்த நேரத்தில் அவர் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் என்பது இருவருக்குமே தெரியும்.

“மலை உச்சியில நின்னு சிமெண்டுச் சுவருக்கு டாட்டா காட்டுற பொண்டாட்டி, உலகத்துலயே எனக்கு மட்டும்தான்” என்று நண்பர்களிடம் அலுத்துக்கொள்வார்.

இப்போது அவள் நர்ஸ் வேலைக்காகக் கடல் தாண்டிப் போய் இரண்டு வருடம் முடியப்போகிறது. நேற்று போனில், “இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமான்னு கேக்கறாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணும். என்னங்க சொல்லட்டும்?” என்றாள்.

அவருக்குத் தொண்டை வரை ஒரு பதில் ஏறி வந்தது. வந்து, இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்டது.

“உன் இஷ்டம்” என்றார்.

“சரிங்க” என்று வைத்துவிட்டாள்.

காலையில் சோபாவில் படுத்துப் பார்த்தார். தூக்கம் வரவில்லை. பால்கனிக்குப் போனால் எதிரே மலை. வேலைக்குப் போடும் பூட்ஸை மாட்டிக்கொண்டு, “சும்மா, அப்படி என்னதான் இருக்குன்னு பாக்க” என்று கதவுப் பூட்டிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பாதி வழியிலேயே முட்டி, எண்ணெய் காணாத கதவு மாதிரி முனகியது. காய்ந்த இலைகள் கணுக்கால் வரை கிடந்தன. எதிரே வயதான ஒரு தம்பதி கைகோத்து இறங்கி வந்தார்கள்.

“என்ன தம்பி, இப்படி மூச்சு வாங்குது?” என்றார் பெரியவர்.

“லிஃப்ட் ரிப்பேருங்க. அதான் நடந்து போறேன்.”

“அடப்பாவமே! எப்ப சரி பண்ணுவாங்களாம்?”

“மெக்கானிக் இப்பதான் மேல போயிட்டிருக்கான்.”

“வாங்க நீங்க, அவர் உங்களைக் கலாய்க்கிறாரு” என்று அந்த அம்மா கணவரை இழுத்துக்கொண்டு போனார். கோத்த கைகள் வளைவில் மறையும்வரை மெக்கானிக் பார்த்துக்கொண்டே நின்றார்.

உச்சியில் காற்று காதைத் திருகியது. மொட்டை மரங்களுக்கு நடுவே ஊர். ஊர்த் தண்ணீர்த் தொட்டியை அடையாளமாக வைத்து, அதற்கு வலப்பக்கம் தேடி, தன் கட்டடத்தைக் கண்டுபிடித்தார். மோட்டார் அறை தீப்பெட்டி அளவு. பால்கனி கடுகளவு. அங்கே ஆள் நின்றாலும் தெரியாது, நிற்காவிட்டாலும் தெரியாது. அவர் நிற்பதாக வைத்துக்கொண்டுதான் அவள் ஒவ்வொரு வருடமும் கையசைத்திருக்கிறாள்.

போனை எடுத்தார்.

“என்னங்க, இந்நேரத்துல? ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

“மலை மேல இருக்கேன்.”

“லிஃப்ட் வெச்சுட்டாங்களா?”

“இல்ல. நடந்துதான்.”

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை.

“நேத்து உன் இஷ்டம்னு சொன்னேன்ல” என்றார். “என் இஷ்டத்தை நீ கேக்கவே இல்லையே.”

“சொன்னாத்தானே தெரியும்.”

“வந்துடும்மா.”

காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“இதைச் சொல்றதுக்கு அவ்வளவு தூரம் ஏறணுமா?”

“கீழ இருந்து சொல்ல வாய் வரலை.”

“சரி. முடியாதுன்னு இன்னிக்கே சொல்லிடறேன். வார்டுல கூப்பிடறாங்க. பார்த்து இறங்குங்க.”

போனைப் பையில் போட்டார். ஒப்பந்தம் முடிந்து அவள் வந்து சேர இன்னும் ஒரு குளிர்காலம் போக வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்தார், யாருமில்லை. தலை சொறிவதுபோல் கையைத் தூக்கி, அந்தக் கடுகைப் பார்த்து லேசாக அசைத்தார்.

பிறகு இன்னொரு தடவை, சோம்பலாகத் தெரிந்துவிடக் கூடாதே என்று, கையை நன்றாக நீட்டி.