பேர் வெட்டு

“மண்டி போட்டு என்ன சொல்லணும்?”

“‘நான் புருஷனுக்கு அடங்காமப் போனேன், ஆண்டவரும் சபையும் என்னை மன்னிக்கணும்’னு சொல்லணும். சொல்லிட்டு எந்திரிச்சு அவன்கூட வீட்டுக்குப் போயிரணும். அவ்வளவுதான்.”

“அழணுமா?”

“வந்தா அழலாம்.”

“வரலன்னா?” என்று அறைக்குள்ளிருந்து இன்னொரு குரல் கேட்டது. “வெங்காயம்தான் உரிச்சுக்கிட்டிருக்கேன். ரெண்டு குடுத்து அனுப்பவா?”

மாசிலாமணி உபதேசியார் அந்தக் குரல் காதில் விழாதவர்போல் குடையை மடக்கினார். குளுவாங் ரயிலடியிலிருந்து வரும் மாட்டுவண்டிப் பாதை முடிகிற இடத்தில் இருந்தது அந்த ரப்பர் தோட்டம். அங்கே இருந்த வேதக்காரக் குடும்பங்களுக்கு ஞாயிறு ஆராதனை நடத்துவது அவர் வேலை. வெங்காயம் உரித்தவள் பேச்சியம்மாள். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் கடைசி அறை அவளுடையது. வாசலில் நின்ற சுகிர்தம், மழை தொடங்கிய மாதத்தில் புருஷன் கனகராஜை விட்டு வந்து அவளிடம் ஒண்டியிருந்தாள்.

“சபைக்குக் கிறிஸ்து எப்படியோ, பொண்டாட்டிக்குப் புருஷன் அப்படி. அவன்தான் தலை. நான் சொல்லலை, வேதம் சொல்லுது,” என்றார் உபதேசியார்.

சுகிர்தம் இடது கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அதன் கடைசி இரண்டு விரல்களும் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தன. அந்தக் கையின்மேல்தான் கனகராஜ் கதவை ஓங்கிச் சாத்தினான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபோது, வழுக்கி விழுந்ததாகச் சொல்லும்படி சொல்லிக்கொடுத்தவர் இதே உபதேசியார்தான்.

“தலை போய்த் தன் கையையே ஒடிக்குமா, ஐயா?”

 “இப்படிக் கேள்வி கேக்கிறதுதான் அடங்காமை,” என்றார் உபதேசியார். “கனகராஜ் சின்னக் கங்காணி. ஜெபக்கூடத்துக்குப் புது அத்தாப்புக் கூரை போட்டுக் கொடுத்தவன். அவன் முகத்தில நான் எப்படி முழிக்கிறது? நாளைக்குச் சிங்கப்பூர்லேருந்து பாதிரி ஐயர் வர்றார். மண்டி போட்டா நற்கருணை உண்டு. இல்லன்னா சபையிலேருந்து உன் பேரை வெட்டிருவேன். இங்க வெட்டினா மேலே மோட்சத்து ஜீவபுஸ்தகத்திலயும் வெட்டினதாத்தான் அர்த்தம். யோசிச்சுக்க.”

குடையை விரித்துக்கொண்டு அவர் இறங்கிப் போனார்.

பேர் வெட்டு என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் பயப்படாதவர்கள் இல்லை. விடியும் முன்னே நடக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது வரிசையில் இல்லாதவளின் பேரைக் கங்காணி பென்சிலால் ஒரு கீறு கீறிவிடுவான். அன்றைக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. சுகிர்தம் காய்ச்சலோடு ஓடிப்போய் நின்ற நாட்கள் உண்டு. இப்போது அதே பயம் வானத்திலிருந்து இறங்கி வந்ததுபோல் இருந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “ஏன் புள்ள, உங்க மோட்சத்திலயும் பெரட்டு உண்டா?”

“சும்மா இருங்கக்கா.”

“இல்ல, தெரியாமத்தான் கேக்கிறேன். இங்கதான் விடியாம எந்திரிச்சு வரிசையில நிக்கிறோம். செத்தப்புறமும் நிக்கணுமா? அங்க கங்காணி யாரு, இந்தக் குடைக்காரரா?”

சுகிர்தத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவள் நடுவிலேயே நிறுத்திவிட்டுப் பால்மரங்கள் பக்கம் பார்த்தாள். மழைத் தண்ணீர் இலைகளில் நின்று ஒவ்வொரு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

“பேசாம எங்க மாரியம்மன் கோயிலுக்கு வந்துரு,” என்றாள் பேச்சியம்மாள். “அவ யாரு பேரையும் எழுதி வைக்கிறதில்ல. கூழு ஊத்தினா எல்லாருக்கும்தான்.”

“வரமாட்டேன்க்கா.”

“ஏன், எங்க கூழு எறங்காதோ?”

“அதுக்கில்ல. நான் அந்த மனுசனைத்தான் விட்டுட்டு வந்தேன். ஆண்டவரை விட்டுட்டு வரலையே. அண்டா குண்டாவோட சேர்த்து அவரையும் அந்த வீட்டிலயே போட்டுட்டு வரச் சொல்றீங்களா?”

 பேச்சியம்மாள் வெங்காயத்தை அரிவாள்மணையில் வைத்து அரியத் தொடங்கினாள். அதற்குப் பிறகு அவள் மாரியம்மன் பேச்சை எடுக்கவில்லை.

சுகிர்தத்துக்குப் படிக்கத் தெரியாது. வேதத்தில் எந்த வசனம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் முழிப்பாள். அவளுடைய ஜெபமெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போதுதான். மரத்தடியில் குனிந்து பட்டையைச் சீவிக்கொண்டே, பக்கத்து நிரையில் வேலை செய்கிறவளிடம் பேசுவதுபோல் ஆண்டவரிடம் பேசுவாள். கை ஒடிந்த அன்று ஆஸ்பத்திரிப் பலகையில் படுத்திருந்தபோதும் அவரைக் கூப்பிட்டாள். வலி குறையவில்லை. ஆனாலும் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுந்து போகாமல் இருப்பது தெரிந்தது.

நற்கருணையை அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள், அவர் வந்து உட்காரும் இடம் என்று. ஐயர் அப்பத்தைக் கையில் வைக்கும்போது ‘உனக்காக’ என்று ஒரு வார்த்தை சொல்வார். அவளுக்கென்று சொல்லி எதையும் யாரும் அதுவரை தந்ததில்லை. சோறும் மற்றவர்கள் சாப்பிட்டு மிஞ்சியதுதான், சேலையும் மாமியார் கட்டிக் கழித்ததுதான்.

அதை யோசித்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று சட்டென்று நினைவுக்கு வந்தது. அப்பம் தரும்போது ஐயர் பேர் கேட்பதில்லை. வரிசையாக முழங்காலில் இருக்கிறவர்களிடம் ‘உனக்காக, உனக்காக’ என்று சொல்லிக்கொண்டே போவார். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

“அக்கா, நாளைக்கு உங்க நீலச் சேலையைக் குடுங்க,” என்றாள்.

“மண்டி போடவா?”

“ஆமா.”

பேச்சியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். சுகிர்தம் அழவில்லை. அதைப் பார்த்ததும் பேச்சியம்மாளுக்குச் சற்றுப் பயமாக இருந்தது.

ஜெபக்கூடம் முன்பு ரப்பர் உலர்த்திய கொட்டகை. புது அத்தாப்புக் கூரை போட்டும் பழைய புகைவாசம் போகவில்லை. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கனகராஜ் முன்வரிசையில் சலவைச் சட்டையோடு இருந்தான். காகிதத்தில் சுற்றிய புதுச் சேலை ஒன்று அவன் மடியில் இருந்தது. எல்லோரும் பார்க்கத்தான் அதைக் கொண்டுவந்திருந்தான். பேச்சியம்மாள் வெளியே தட்டியோரம் நின்றாள். கேட்டவர்களிடம், மழைக்கு ஒதுங்கியதாகச் சொன்னாள். மழை பெய்யவில்லை.

சிங்கப்பூர் ஐயர் மெலிந்த, வயதான மனிதர். ரயிலிலும் மாட்டுவண்டியிலும் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. அவர் பிரசங்கம் முடித்து உட்கார்ந்ததும் உபதேசியார் எழுந்தார். முன்னால் ஒரு சின்னப் பாய் தனியாக விரித்திருந்தது.

“சுகிர்தம், வந்து மண்டி போடு.”

அவள் வந்து பாயருகே நின்றாள். 

“மண்டி போடும்மா.”

“இந்த இடத்தில போடமாட்டேன், ஐயா.”

கனகராஜின் மடியில் காகிதம் சரசரத்தது. சுகிர்தம் சபையைப் பார்த்துத் திரும்பினாள். 

“எனக்குப் பாவம் இல்லாம இல்ல. கோவம் உண்டு, பொறாமை உண்டு. கையை வழுக்கி விழுந்து ஒடிச்சுக்கிட்டேன்னு பொய் சொன்னேன், அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன். ஆனா அடிக்குப் பயந்து ஓடி வந்தது பாவம்னு ஆண்டவர் எங்கிட்டச் சொல்லலை. நானும் தினம் கேட்டுப் பார்த்துட்டேன். அந்த வீட்டுக்கு நான் திரும்பிப் போகமாட்டேன்.”

“பாத்தீங்களா ஐயரே, வாயைப் பாத்தீங்களா?” என்று கனகராஜ் கத்தினான். “இந்த வாய்க்குத்தான் அடி வாங்கினா!”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஐயர் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார்.

உபதேசியாரின் முகம் சிவந்தது. “இன்னிக்கோட உன் பேரு இந்தச் சபையில இல்ல. வெளியே போ.”

“எழுதினது நீங்க. வெட்டிக்குங்க, ஐயா.”

அவள் வெளியே போகவில்லை. திரும்ப வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவள் விலகுவதுபோல் நகர்ந்தாள். பிறகு, நகர்ந்த இடத்தில் சுகிர்தத்தின் சேலைத் தலைப்பை எடுத்து ஒழுங்காக விட்டாள்.

பாட்டு முடிந்தது. ஐயர் மேசைமேல் இருந்த வெள்ளைத் துணியை விலக்கினார். ஆண்கள் முதலில் போய் மூங்கில் தடுப்பின் முன்னால் முழங்காலிட்டு, வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பெண்கள் எழுந்தபோது சுகிர்தமும் எழுந்தாள். உபதேசியார் குறுக்கே வந்து, “உனக்கு இல்லன்னு சொன்னேனே,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

தடுப்பின் முன்னால் அவள் மண்டியிட்டாள். தனியாக விரித்த பாயில் மடங்காத முழங்கால் இங்கே தானாக மடங்கியது. வலது கையைக் கீழே வைத்து, இடது கையை அதன்மேல் விரித்தாள். இவ்வளவு நாளும் சேலைக்குள் மறைத்த கை. கோணிய இரண்டு விரல்களும் மற்ற விரல்களோடு சேராமல் தனியே நின்றன.

“உனக்காக,” என்று ஐயர் சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தார். அவருடைய அங்கியின் ஓரம் சுகிர்தத்துக்கு முன்னால் வந்து நின்றது.

“இவ பேரை வெட்டியாச்சு, ஐயரே,” என்றார் உபதேசியார் அவர் காதோரமாக. “அடுத்த ஆளுக்குப் போங்க.”

அப்பத்தைப் பிடித்திருந்த விரல்கள் அவள் கைக்குமேல் அப்படியே நின்றன. ஐயரின் கண் அந்த இரண்டு விரல்களில் இருந்தது. பின்னால் கனகராஜ் எழுந்து நிற்பது பாய் சரசரத்ததில் தெரிந்தது. தட்டியின் இடுக்கில் பேச்சியம்மாளின் வளையல் ஒரு முறை ஒலித்து அடங்கியது.

சுகிர்தம் கையை இன்னும் சற்று உயர்த்தினாள்.

“எனக்கும் குடுங்க, ஐயரய்யா.”