பாதித் தொட்டித் தண்ணீர்

இரண்டு மாதமாகப் பாதித் தொட்டித் தண்ணீரில்தான் லைஃப் ஜாக்கெட்டைச் சோதித்தோம். லாரித் தண்ணீர் அவ்வளவுதான் வந்தது. சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஜாக்கெட்டின் அடியில் கயிறு கட்டி, எட்டுக் கிலோ இரும்பைத் தொங்கவிட்டு, ஒரு நாள் முழுக்கத் தொட்டியில் போட வேண்டும். மூழ்காவிட்டால் தேறியது.

இன்று காலை கூடுதலாக ஒரு லாரி வந்து, தொட்டி விளிம்புவரை நிரம்பியது. போட்ட ஜாக்கெட் அரை மணியில் உள்ளே போய்விட்டது. இன்னொன்றைப் போட்டேன். அதுவும் போனது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. பாதித் தண்ணீரில் இரும்பு தரையில் உட்கார்ந்துகொண்டது. பாரமே இல்லாமல் ஜாக்கெட் ஒய்யாரமாக மிதந்திருக்கிறது. அதைப் பார்த்துத் தினமும் ‘ஓகே’ என்று கையெழுத்துப் போட்டவள் அன்புக்கரசி, அதாவது நான். கண்ணிருந்தும் குருடி.

விம்கோ நகரில் இருக்கும் எங்கள் கம்பெனி போன வருஷம் நாளைக்கு இருநூறு ஜாக்கெட் தைத்தது. இப்போது ஆயிரத்து ஐநூறு. ஜாக்கெட்டை மிதக்க வைக்க உள்ளே வைக்கும் ஃபோமைப் பழைய ஆளால் அவ்வளவு தர முடியவில்லை என்று புது ஆளிடம் வாங்கினார்கள். அந்த ஃபோம் தண்ணீரைக் குடிக்கிறது.

மேனேஜர் சுப்புராயன் தொட்டியை எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“யார்கிட்டயும் மூச்சு வுடாதம்மா. அடுத்த லாட்ல சரி பண்ணிக்கலாம்.”

“போன லாட்டு கடல்ல கீது சார். என் தம்பி அத்தப் போட்டுகினு போய்கீறான்” என்று கத்திவிட்டு வெளியே வந்தேன்.

தம்பி வெற்றி முந்தாநாள் விசைப்படகில் போனவன். அவனாக எங்கே ஜாக்கெட் போட்டான்? காலி பிளாஸ்டிக் கேனைத்தான் கயிறு கட்டிப் பக்கத்தில் வைத்துக்கொள்வான். நான்தான் கேனைப் பிடுங்கி எறிந்து, “நா பாத்து அனுப்புனதுடா” என்று சண்டை போட்டு மாட்டிவிட்டேன். காசிமேட்டில் முக்கால்வாசிப் படகுக்காரர்கள் என் பேச்சைக் கேட்டுத்தான் வாங்கினார்கள். என் வாயைத்தான் முதலில் தைக்க வேண்டும்.

அவன் போன் போகவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. ஆட்டோக்காரரைத் திட்டினேன், பாவம், அவர் என்ன செய்வார்.

காசிமேட்டுப் படகுச் சங்கத்தில் வயர்லெஸ் பார்ப்பவர் ஹுமாயூன் அண்ணன். விஷயத்தைக் கேட்டதும் மைக்கை என் கையில் கொடுத்தார்.

“பட்டனை அமுக்கிப் பேசு. நீ பேசறது எல்லா போட்டுக்கும் கேக்கும், பாத்துக்க.”

“டேய் வெற்றி, அக்காடா. அந்த ஜாக்கெட்ட நம்பாத. முழுகிடும்.”

வெறும் கரகரப்பு. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு அவன் குரல் வந்தது. “இன்னாக்கா சொல்ற? நீ பாத்தேன்னு சொன்னியே?”

“தப்பாப் பாத்துட்டேன்டா.”

“சரி, அழுவாத. நா நல்லாத்தான் கீறேன். இப்பவே திரும்பறோம்.”

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன். அதற்குள் மற்ற படகுகள் பேசத் தொடங்கின. எங்க போட்ல பத்து கீது, அதுவுமா? போன மாசம் வாங்கினதும் அதானா? ஆமாம், ஆமாம் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன்.

கடைசியாக ஒரு குரல் மெதுவாக வந்தது.

“நா வெள்ளத்துரை பேசறேம்மா. விடிகாலைல எங்க மச்சான் தவறி வுழுந்துட்டான். ஜாக்கெட் போட்டுகினுதான் இருந்தான். எப்டியும் மெதப்பான்னு, வலைய இழுத்துட்டு அப்பால திரும்பனோம். இன்னும் தேடிகினு கீறோம். மெதந்துகினுதான இருப்பான்?”

ஹுமாயூன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால், பொழுது சாயும்வரை அவர்கள் தண்ணீருக்கு மேலேயே தேடிக்கொண்டிருப்பார்கள்.

பட்டனை அமுக்கினேன்.

“இல்லண்ணா” என்றேன்.