வான்கோழிக்குக் கீழே உள்ள வெள்ளை இடம்

சௌந்தரபாண்டியனின் விசிட்டிங் கார்டில் போன் நம்பர் பின்பக்கம்தான் இருக்கும். முன்பக்கத்தில் இடம் கிடையாது. கலைச்சுடர், பண்பாட்டுப் பேரொளி, பன்னாட்டுத் தமிழ்த் தூதர் என்று பட்டங்கள் நெருக்கியடிக்க, நடுவில் மூச்சுத்திணறிக்கொண்டு அவர் பெயர். கீழே, ஸ்ரீவில்லிபுத்தூர் கலை வளர்ச்சிப் பேரவையின் நிறுவனர்-தலைவர் என்கிற பதவி. பட்டங்களை அவருக்கு வழங்கியது அந்தப் பேரவைதான். பேரவை என்றால் அவரும், அவருக்குச் சொந்தமான கல்யாண மண்டபமும், செயலாளர் சேஷுவும்.

அந்தக் கார்டை ராஜபாளையத்தில் ஆனந்தவல்லி வீட்டு மேஜையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். வரிசையாக ஐந்து சின்னப் பிரேம்கள்.

"தங்கச்சி, இதுதானா அந்த டச்சுப் படம்? பேப்பர்ல வந்த பொம்மைக் கதையா?"

"பேப்பர்ல வந்தது பிரிண்டு அண்ணாச்சி. இது ஓவியரு கையால வரைஞ்ச அசல்."

"அப்ப அச்சாகாததா?"

"இதைப் பாத்துத்தான் அச்சடிச்சாங்க."

"அச்சடிச்ச பொறவு இது எதுக்கு?" என்றார் கலைச்சுடர்.

ஹாலந்துப் பத்திரிகைக்காரர்களும் அந்தக் காலத்தில் இதையேதான் கேட்டார்கள். கேட்டுவிட்டு, அசலை எல்லாம் கிடங்கில் வீசினார்கள். எலிக்கும் ஈரத்துக்கும் தப்பித்ததைத்தான் இன்று உலகமெங்கும் கொஞ்சம் பைத்தியங்கள் தேடித் திரிகின்றன. அதில் ஒன்று, ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி மில்லின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கிறது. பல வருஷங்களுக்கு முன்னால் டச்சு வியாபாரி ஒருவர் புத்தாண்டுக்கு அனுப்பிய பழைய படக்கதையைப் பார்த்ததிலிருந்து ஆனந்தவல்லிக்கு இந்தக் கிறுக்கு. கணவர் விஜயபாண்டி போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். "எல்லா வீட்டுலயும் பொம்பளையாளு நகை வாங்குவா. என் வீட்டுல நாரை வாங்குதா" என்று ஸ்டேஷனில் சொல்லிக்கொண்டு திரிவார்.

நாரைதான் கதாநாயகன். கால்வாய் மதகுக்காரன். அது ஒரு வெள்ள வாரத்துக் கதை. திங்கட்கிழமைப் படத்தில் நாரை ஓடி வந்து தண்ணீர் வருகிறது என்கிறது. மேயரான வான்கோழி உடனே மேடை போட்டுப் பேச ஆரம்பிக்கிறது. செவ்வாய், புதன், வியாழன் என்று தண்ணீர் ஏற ஏற, பேச்சும் ஏறுகிறது. வெள்ளிக்கிழமை தண்ணீர் வான்கோழியின் கழுத்துக்கு வந்துவிட்டது, பேச்சு முடியவில்லை. சனிக்கிழமைப் படம் ஆனந்தவல்லியிடம் இல்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமை பேப்பர் கிடையாது என்பதால், அந்த ஒன்று கிடைத்தால் வாரம் முழுதாகிவிடும்.

டச்சுக்காரர்களின் பழைய படக்கதையில் ஒரு விசேஷம் உண்டு. பேசுவதற்கு வாய்ப்பக்கத்தில் குமிழி போட மாட்டார்கள். மேலே படம், கீழே கதை அச்செழுத்தில். கதையை அச்சுக்கூடத்தில் கோத்துச் சேர்ப்பார்கள். அதனால் இவள் வைத்திருந்த அசலில் படம் மட்டும்தான் இருந்தது. மை, பிளேடால் சுரண்டிய தடம், தப்பை மறைத்த வெள்ளைப் பூச்சு, நீலப் பென்சில் கோடு. படத்துக்குக் கீழே, விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை.

சனிக்கிழமைப் படம் ஹாலந்தில், ஹார்லெம் ஊரில் வில்லெம் என்கிற கிழவரிடம் இருந்தது. அந்தப் பத்திரிகை அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர். வியாபாரிகள் எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காதவர். ஆனந்தவல்லியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உங்கள் ஊரில் இதை யாராவது பார்க்கிறார்களா? நீங்கள் மட்டும் பார்ப்பதற்கென்றால் என் பீரோவிலேயே இருக்கட்டும். நாலு பேர் அந்த ஐந்தின் முன்னால் நிற்பதை எனக்குக் காட்டுங்கள். சனிக்கிழமையை அனுப்பி வைக்கிறேன்."

இந்த நேரம் பார்த்துத்தான் கலைச்சுடர் கார்டோடு வந்தார். பன்னாட்டு ஓவியக் கண்காட்சி, சொந்த மண்டபம், பெரிய திரை, அதில் ஹாலந்துக்கு வீடியோ கால். வேறு எவனாவது கேட்டிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பாள். சனிக்கிழமை கண்ணை மறைத்தது.

ஆனாலும் விவரமில்லாமல் கொடுக்கவில்லை. லேமினேஷன் போடக்கூடாது என்றாள். வெயில் படக்கூடாது, செலோடேப் கூடாது, பிரேமைத் திறக்கவே கூடாது என்றாள். பால்கோவா தின்ற கையோடு ஒருத்தரும் கிட்டே வரக்கூடாது என்றுகூடச் சொன்னாள். "பூப்போல வச்சிருந்து தாரேன் தங்கச்சி" என்றார் அவர். அதன்மேல் எழுதக்கூடாது என்று மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று எந்த மனுஷிக்குத் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டபத்து வாசலில் இறங்கியதுமே அண்ணாந்து பார்த்தாள். இரண்டு ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ். கோட்டு போட்ட சௌந்தரபாண்டியன். அவருக்கு இந்தத் தோள்பக்கம் ஆண்டாள் கோயில் கோபுரம், அந்தத் தோள்பக்கம் காற்றாலை. 'அகவை அறுபது காணும் அண்ணனே!'

"பொறந்தநாளா?" என்றாள்.

"கண்காட்சின்னுல்லா சொன்னே?" என்றார் விஜயபாண்டி.

உள்ளே போனாள். சுவரில் ஐந்து படங்கள். அவளுடைய மெல்லிய மரச் சட்டத்தைக் காணோம். தங்க முலாம் பூசி, ஓரமெல்லாம் திராட்சைக் கொத்து தொங்குகிற பிரேமுக்குள் நாரை நின்றுகொண்டிருந்தது. சட்டம்தானே, மாற்றிக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கிட்டே போனாள்.

கீழே அந்த வெள்ளை இடத்தில், கறுப்பு மார்க்கரில், முத்து முத்தான எழுத்தில், திங்கட்கிழமை சொன்னது: 'அறுபது அகவையிலும் அடங்காத புயலே! கலைச்சுடர் சௌந்தரபாண்டியன் வாழ்க!' செவ்வாய்: 'வைப்பாறு வற்றலாம், வள்ளலே நீ வற்றுவாயோ!' புதன்கிழமையில் பட்டங்கள் மட்டும், இடம் பற்றாமல் கடைசி வரி நாரையின் கால்மேல் ஏறியிருந்தது. வியாழனில் அவர் துணைவியார் பெயர். வெள்ளியில் 'இங்ஙனம், பேரவை மகளிர் அணி.'

பக்கத்தில் சேஷு வந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். முகமெல்லாம் பூரிப்பு.

"எழுத்து நன்னா வந்திருக்கா மேடம்? அச்சு மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்றா. கீழே இடம் காலியா விட்டிருந்தாளா, மொட்டையா இருந்தது. தலைவர்தான் யோசனை சொன்னார்."

"எழுதினது நீயா?"

"நான்தான். மை அழியவே அழியாது. கவலைப்படாதீங்கோ."

ஆனந்தவல்லி எழுத்தின்மேல் குனிந்து பார்த்தாள். மில்லில் ஒரு தடவை சீல் மை ஒரு பொட்டு பட்டு, ஒரு லாட் துணியே திரும்பி வந்தது அவளுக்குத் தெரியும். பஞ்சுக்குள் இறங்கின மை இறங்கினதுதான். இந்தத் தாளோ அறுபத்தைந்து வருஷமாகக் காய்ந்து கிடப்பது. குடிக்கக் கேட்கவா வேண்டும். காதுமடல் சுட்டது. நேரே மேடைக்குப் போனாள். மாலைகளுக்கு மேலே தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார் அகவை அறுபது.

"எறங்கி வாங்க அண்ணாச்சி. யாரைக் கேட்டு எழுதினீய?"

"என்ன தங்கச்சி, நல்ல நாளும் அதுவுமா! அறுவத்தஞ்சு வருஷமா வெறுமனே கெடந்த எடம். படத்துக்கு ஒரு கௌரவம் வேண்டாமா?"

"உங்க பேரு கௌரவமா?"

"கோயில் டியூப்லைட்டுல எழுதலையா? பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல எழுதலையா? எழுதினா ஒடைஞ்சா போச்சு? நாரை நாரையாத்தானே இருக்கு?"

"என் பொருளு அது. மூளை இருக்கா உங்களுக்கு?"

மாலைகள் அசைந்தன. குரல் தாழ்ந்தது. "சத்தம் போடாதீய. வெள்ளைக்காரரு இப்ப வந்துருவாரு. அவருக்குத் தமிழ் தெரியுமா? தெரியாதுல்லா? கீழ எழுதியிருக்கதுதான் கதைன்னு சொல்லிருங்க. ஆரு கேக்கப் போறா?"

அவள் பதில் சொல்வதற்குள் திரையில் வில்லெம் வந்துவிட்டார். வெள்ளைத் தலை, கம்பளிச் சட்டை, பின்னால் புத்தக அலமாரி. சேஷு, திரையோடு இணைத்திருந்த அவள் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படங்களின் முன்னால் நீட்டினான். கூட்டம் கலைச்சுடரின் சாடையைப் பார்த்துப் படங்களின் முன்னால் போய் நின்றது. குழந்தைகளைத் தூக்கிக்கூடக் காட்டினார்கள். கிழவருக்கு அதைப் பார்த்தே கண் கலங்கிவிட்டது.

"அடடே, கதை எழுதியிருக்கிறீர்களே!" என்றார் ஆங்கிலத்தில். "உங்கள் மொழியில்! நான் அச்சுக்கூடத்தில் நாள் தவறாமல் இதன் கீழே எழுத்துச் சேர்த்தவன். அப்புறம் இத்தனை வருஷமாக மொட்டையாகத்தான் பார்க்கிறேன். நல்ல யோசனை. தனித்தாளில் எழுதிக் கண்ணாடிக்குள் செருகியிருக்கிறீர்கள், இல்லையா?"

சொல்லிக்கொண்டே சனிக்கிழமையைத் தூக்கிக் காமிராவுக்கு நேரே பிடித்தார்.

ஆனந்தவல்லி அதை முதல்முறையாகப் பார்த்தாள். ஊர் முழுகிவிட்டது. நாரை நீந்திக்கொண்டிருக்கிறது. அதன் முதுகில் வான்கோழி. ஒரு இறக்கையை உயர்த்தியபடி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. கீழே, விரல் அகலத்துக்குச் சுத்தமான வெள்ளை.

ஆமாம் என்று ஒரு வார்த்தை. நாளைக்குத் தபாலில் ஏறிவிடும். மேடையிலிருந்து கலைச்சுடர் கண்ணைக் காட்டினார்: சொல்லு, சொல்லு. சேஷு பல்லெல்லாம் தெரியத் தலையாட்டினான். சனிக்கிழமைக்காக இவர்களோடு சேர்ந்து ஒரு கிழவரை ஏமாற்ற வேண்டும். ஏமாற்றி வாங்கினதை ஆயுசுக்கும் சுவரில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் இந்த மாலைக்குள் உட்கார்ந்திருக்கிற ஆள் சொல்லிக்கொடுத்த பொய்யை வைத்து.

போனைச் சேஷுவின் கையிலிருந்து பிடுங்கினாள்.

"தனித்தாள் இல்லை" என்றாள். "அசல்மேலேயே எழுதிவிட்டார்கள். அழியாத மை. கதையும் இல்லை. இந்த மண்டபத்துக்காரருக்குப் பிறந்தநாள் வாழ்த்து." ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் சொன்னாள். அடங்காத புயலைச் சொன்னாள். மகளிர் அணியையும் விடவில்லை.

திரையில் முகம் அசையவில்லை. நெட் போய்விட்டதோ என்று சிலர் நினைத்தார்கள். பிறகு சனிக்கிழமையை மெல்லக் கீழே வைத்தார்.

"நீங்கள் எழுதவில்லை" என்றார். "ஆனால் நீங்கள்தான் கொடுத்தீர்கள்."

"ஆமாம்."

"இதை உங்களுக்கு அனுப்ப மாட்டேன்."

"தெரியும்" என்றாள்.

திரை கறுத்தது. அடுத்த நொடியே கலைச்சுடர் கையில் மைக் கரகரத்தது. "அன்பர்களே! நெதர்லாந்து நாட்டு அறிஞர் நமது அருந்தமிழின் அழகில் சொக்கி, பேச்சிழந்து போனதை நீங்களே கண்ணால் கண்டீர்கள்!" கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது.

ஆனந்தவல்லி மேடையேறி மைக்கைப் பறித்தாள்.

"பேச்சு ஒண்ணும் நிக்கல. எனக்குப் படம் அனுப்ப மாட்டேன்னுட்டுப் போயிட்டாரு. அம்புட்டும் இந்த அண்ணாச்சியாலதான். இவிய பேரை எழுத ஊருல வேற சுவரே இல்லன்னு, அடுத்தவ வீட்டுப் பொருள்ல எழுதி வச்சிருக்காவ. எங்க எழுதியிருக்காவன்னு கிட்ட போயிப் பாருங்க. வான்கோழிக்குக் கீழ!"

கூட்டம் போய்ப் பார்த்தது. முதலில் ஒரு சிரிப்பு, பிறகு நாலு.

"என்னைய வான்கோழிங்கியளா?" கலைச்சுடர் எழுந்தே விட்டார். மாலை ஒன்று அறுந்து விழுந்தது.

"நான் எங்க சொன்னேன்? பேரைப் போட்டது நீங்கள்லா?"

சிரித்தவர்கள் சிரிக்கட்டும். அவளுக்கு ஆத்திரம் ஒரு பொட்டும் இறங்கவில்லை. ஆணியிலிருந்து ஒவ்வொன்றாய்க் கழற்றினாள். சேஷு அழுகிற முகத்தோடு பின்னாலேயே வந்தான். "ஸ்பிரிட் போட்டு மெல்லத் துடைச்சா போயிடும் மேடம், நானே..."

"தொட்டா கைய ஒடிச்சிருவேன்."

தங்கப் பிரேம்களை வாசலிலேயே பிரித்து, ஃபிளெக்ஸ் காலடியில் திராட்சைக் கொத்தும் ஆணியுமாகப் போட்டாள். ஐந்து தாளையும் மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தாள். விஜயபாண்டி சாவியைப் போடாமல் யோசித்துக்கொண்டிருந்தார்.

"சுவத்துல எழுதினா கேஸ் இருக்கு. நாரை காலுல எழுதினா எந்தப் பிரிவுல போட? இன்ஸ்பெக்டர் ஐயாட்டத்தான் கேக்கணும்." திறந்திருந்த வாசல் வழியே மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தவர் குலுங்கிச் சிரித்தார். "ஏட்டி, அங்க பாரு. ஆணி காலியா கெடக்குன்னு, அவரு போட்டோவைக் கொண்டாந்து மாட்டுதான் சேஷு."

"சிரிக்காதீய" என்றாள் ஆனந்தவல்லி. "சனிக்கிழமை போச்சு."